உலோகத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு

சைதாப்பேட்டையிலிருந்து வந்த அந்தப் பாட்டியின் மஞ்சள் பை நிறைய எக்ஸ்ரே கவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. பீரோ, கட்டில், அரிசி மூட்டை எல்லாம் போனது, பரண்மேல் இருந்ததால் இந்தப் பை மட்டும் தப்பித்தது என்றார். 2009இல் அவருக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றி அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். அப்போது எடுத்த ஃபிலிமும் பையில் பத்திரமாக இருந்தது. 2017இல் வலி என்று வந்தபோது, எங்களுக்குப் புதிதாக வந்திருந்த டி.ஆர். (டிஜிட்டல் ரேடியோகிராஃபி) இயந்திரத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியனான நான்தான் படம் எடுத்தேன்.

மறுநாள் எலும்பு மருத்துவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். லைட் பாக்ஸில் பழைய ஃபிலிம், பக்கத்துத் திரையில் நான் எடுத்த படம். பழையதில் தொடை எலும்புக்குள் இறங்கியிருந்த உலோகத் தண்டு எலும்போடு ஒட்டி நின்றது. புதியதில் அதே தண்டைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. பதித்த மூட்டு காலப்போக்கில் கழன்றுகொண்டால் உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே இப்படித்தான் கறுப்பாகத் தெரியும். "முன்னாடி இல்ல, இப்போ இருக்கு. லூஸாயிடுச்சுன்னுதான் நினைக்கிறேன்" என்றார் மருத்துவர். வெளியே வந்தால் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, திரும்பவும் அறுப்பாங்களா?"

பதில் சொல்லத் தெரியாமல் எக்ஸ்ரே அறைக்கு வந்து அதே படத்தை இயந்திரத்தின் கம்ப்யூட்டரான கன்சோலில் திறந்தேன். தண்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், தற்செயலாக ஓரத்தில் இருந்த மார்க்கரைப் பார்த்தேன். வலது பக்கம் என்று காட்ட நாங்கள் ஒட்டி வைக்கும் ஈய எழுத்து அது. அதைச் சுற்றியும் அதே அகலத்தில் அதே கறுப்புக் கோடு. அந்த ஈய எழுத்து பாட்டியின் உடம்புக்குள் இல்லை, மேஜைமேல் இருந்தது. அது கழன்றுகொள்ள எலும்பும் இல்லை.

அந்தக் கறுப்புக் கோட்டை வரைந்தது சாஃப்ட்வேர்.

டி.ஆர். டிடெக்டரில் விழும் படம் நேராகத் திரைக்கு வருவதில்லை. வந்த நிலையிலேயே பார்த்தால் சாம்பல் பூசியதுபோல் மங்கலாக இருக்கும். அதில் சாஃப்ட்வேர் பல வேலைகள் செய்கிறது. அவற்றில் ஒன்று ஓரங்களைக் கூர்மையாக்குவது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பெரிதாக்கி மறுபடி படத்திலேயே சேர்த்துவிடும். எலும்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் இது அருமையாக வேலை செய்யும். எலும்பின் நுண்ணிய வரிகள் எழுந்து நிற்கும். உலோகத்தின் ஓரத்தில் வித்தியாசம் மிகப் பெரியது என்பதால் கணக்கு எல்லை மீறுகிறது. வெள்ளைப் பக்கம் இன்னும் வெள்ளையாகவும், அதை ஒட்டிய பக்கம் தேவைக்கு மேல் கறுப்பாகவும் போகிறது. ஊபர்ஷ்விங்கர் என்று இதற்கு ஒரு ஜெர்மன் பெயர் உண்டு. பெயரைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கன்சோலில் மூலப் படம் இன்னும் அழியாமல் இருந்தது. ஓரக் கூர்மையைப் பூஜ்யத்துக்கு இறக்கி மறுபடி புராசஸ் செய்தேன். கோடு மறைந்தது. இரண்டையும் அருகருகே வைத்து மருத்துவரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பாட்டியைப் படுக்க வைத்துக் காலை மடக்கி நீட்டிச் சோதித்தார். வலி மூட்டில் இல்லை, முதுகிலிருந்து இறங்கி வருகிறது என்றார். பாட்டி அன்று மாலையே வீட்டுக்குப் போனார்.

நிஜமாகவே கழன்ற மூட்டில் கறுப்புக் கோடு எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் ஓடாது. ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் இல்லாமலும் இருக்கும். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். அடுத்தடுத்த படங்களில் அது வளரும். பல நேரம் கோட்டுக்கு வெளியே எலும்பு இறுகி ஒரு வெள்ளை ஓரமும் தெரியும். முடிவு சொல்வது மருத்துவரின் வேலை. ஆனால் "இது புராசஸிங்கால் வந்திருக்கலாம், மார்க்கரைப் பாருங்கள்" என்று சொல்ல வேண்டியது டெக்னீஷியன்களான நம் வேலை. படம் எப்படி உருவானது என்று அந்த அறையில் தெரிந்த ஆள் நாம் ஒருவர்தான்.

அந்த ஓர் எழுத்து பாட்டியைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன். மார்க்கர் வைக்காமல் படம் எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் எழுத்தைத் தட்டிப் போடும் பழக்கம் இப்போது பரவிவிட்டது. கன்சோலில் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் போட ஒரு பட்டன் இருக்கிறது. அவசரத்தில் அதை அழுத்திவிட்டால், தட்டிப் போட்ட எழுத்து எதையும் காட்டிக்கொடுக்காது. ஈய எழுத்தாக இருந்தால் அது இடவலம் மாறித் தெரிந்து உடனே உண்மையைச் சொல்லிவிடும்.

நான் இந்த வேலைக்கு வந்தது 2003இல், புரசைவாக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்ரே சென்டருக்கு. அன்று எல்லாம் டார்க் ரூம்தான். டெவலப்பரை 20 டிகிரியில் வைக்கச் சொல்லுவார்கள். மே மாதச் சென்னையில் ஏ.சி. இல்லாத டார்க் ரூமில் அது நடக்கிற காரியமா? பால் கவரில் ஐஸ் கட்டி போட்டு, தொட்டியைச் சுற்றியிருக்கும் தண்ணீரில் மிதக்க விடுவோம். வாரம் ஒருமுறை ஒருவர் வந்து ஃபிலிம் கழுவிய பழைய ஹைப்போ கரைசலைக் கேனில் வாங்கிப் போவார், அதிலிருந்து வெள்ளி எடுப்பார்களாம். அந்த நாட்களை நல்ல நாட்கள் என்று சொல்ல மாட்டேன். ஹைப்போ வாசனை சட்டையை விட்டுப் போகாது, மூச்சும் முட்டும்.

ஆனால் ஃபிலிம் ஒரு விஷயத்தில் கறாரானது. எக்ஸ்போஷர் கூடினால் படம் கறுத்துவிடும், குறைந்தால் வெளுத்துவிடும். தப்பு செய்தது ஐந்து நிமிடத்தில் கையில் சொட்டச் சொட்டத் தெரியும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனியர் அண்ணன், ஆள் உள்ளே நுழையும்போதே உடம்பைப் பார்த்து கே.வி. (கதிரின் ஊடுருவும் திறன்), எம்.ஏ.எஸ். (கதிரின் அளவு) இரண்டையும் மனதில் போட்டுவிடுவார். சந்தேகம் இருந்தால் ஸ்கேல் வைத்து நெஞ்சின் தடிமனை அளப்பார்.

2008இல் வேறொரு மருத்துவமனைக்கு மாறினேன். அங்கே சி.ஆர். (கம்ப்யூட்டட் ரேடியோகிராஃபி) இருந்தது. கேசட்டுக்குள் ஃபிலிமுக்குப் பதிலாக ஒரு பாஸ்பர் பிளேட். எக்ஸ்ரே பட்டதும் அது சக்தியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரீடருக்குள் சிவப்பு லேசர் பட்டதும் நீல வெளிச்சமாக வெளியே விடும். ஃபூஜி நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்த தொழில்நுட்பம். முதல் நாள் எனக்குப் பிரமிப்பு. எம்.ஏ.எஸ்.ஸைப் பாதியாகப் போட்டாலும் படம் வந்தது, மூன்று மடங்கு போட்டாலும் படம் வந்தது. கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை. எது எவ்வளவு வந்தாலும் சாஃப்ட்வேர் பிரகாசத்தை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடும். "என்ன வேணா போடு சார், மெஷின் சரி பண்ணிடும்" என்று இன்ஸ்டால் செய்ய வந்தவரே சொன்னார். அந்த வாக்கியத்தை நானும் ஒரு வருடம் நம்பினேன்.

பிரகாசம்தான் சரியாகிறது. போட்ட கதிர்வீச்சு சரியாவதில்லை. குறைவாகப் போட்டால் படம் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வரும். அதிகமாகப் போட்டால் படம் வழுவழுவென்று அழகாக வரும். இங்கேதான் வம்பு. மணலாக வந்த படத்துக்கு ரேடியாலஜிஸ்ட் திட்டுவார். அழகாக வந்த படத்துக்கு யாரும் திட்டமாட்டார்கள். திட்டு வாங்கிய டெக்னீஷியன் அடுத்த முறை கொஞ்சம் கூட்டிப் போடுவார். அதற்கடுத்தவர் அதையே அளவாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கூட்டுவார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் ஒரு வருடத்தில் எல்லோருடைய கையும் ஏறிவிடும்.

எங்கள் ஐ.சி.யு.வில் இதைக் கண்டுபிடித்தது எஸ் நம்பரால். ஃபூஜி சி.ஆரில் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அந்த எண் வரும். பிளேட்டில் 1 மில்லி ரான்ட்ஜன் (கதிர்வீச்சை அளக்கும் ஓர் அலகு) விழுந்தால் 200 என்று காட்டும். விழுந்தது இரட்டிப்பானால் 100. எண் இறங்கினால் கதிர்வீச்சு ஏறியிருக்கிறது என்று அர்த்தம், தலைகீழ்க் கணக்கு. ஒரு வாரம் போர்ட்டபிள் படங்களின் எண்களை நோட்டில் எழுதிப் பார்த்தேன். 200ஐ ஒட்டி இருக்க வேண்டியவை பல நாள் 70, 60 என்று கிடந்தன. தேவையைப் போல் மூன்று மடங்கு. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றின் டோஸ் சின்னதுதான், சுமார் 0.02 மில்லிசீவர்ட். ஆனால் வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தினமும் ஒன்று எடுக்கிறோம். நினைவில்லாமல் படுத்திருப்பவர் எவ்வளவு போட்டாய் என்று கேட்கப் போவதில்லை. அந்த நோட்டை மூடிவைத்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் செய்தது எளிய வேலை. ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று மூன்று வகைக்கு கே.வி., எம்.ஏ.எஸ்., தூரம் மூன்றையும் எழுதி போர்ட்டபிள் இயந்திரத்தின் கைப்பிடியிலேயே ஒட்டினோம். கட்டிலருகே அளவு டேப் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம். தூரத்தைக் கண்ணால் குத்துமதிப்பாக வைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். 100 சென்டிமீட்டரில் போடுவதை 180இல் போட்டால் பிளேட்டுக்கு வந்து சேர்வது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு மாதத்தில் எண்கள் மேலே வந்தன.

இன்று வரும் டி.ஆர். இயந்திரங்களில் எல்லா நிறுவனமும் ஒரே கணக்கில் எண் காட்ட 2008இல் சர்வதேசத் தரம் ஒன்று வந்தது. அதில் டி.ஐ. (இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் டீவியேஷன் இண்டெக்ஸ்) என்று ஒரு எண் வரும். 0 வந்தால் இலக்கு. +3 வந்தால் இரட்டிப்பு, −3 வந்தால் பாதி. +1 என்றால் இலக்கைவிடக் கால் பங்குக்குச் சற்றே மேல் கூடுதல். படத்தை அனுப்பும் முன் இந்த எண்ணைப் பார்ப்பது இரண்டு விநாடி வேலை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இது டிடெக்டரில் விழுந்ததைத்தான் சொல்கிறது, நோயாளி வாங்கிய டோஸை அல்ல. படத்தின் நடுவே பெரிய உலோகம் இருந்தாலோ, கதிர் விழுந்த பரப்பின் எல்லையை சாஃப்ட்வேர் தப்பாகக் கணித்தாலோ எண் பொய் சொல்லும். பாட்டியின் படத்திலும் எண் விசித்திரமாகத்தான் இருந்தது.

அந்த இலக்கை யார் வைத்தார்கள் என்று உங்கள் சென்டரில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இன்ஸ்டால் செய்ய வந்தவர் வைத்துவிட்டுப் போனதாக இருக்கும். ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) விதிப்படி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இயந்திரத்துக்குத் தரப் பரிசோதனை நடக்கிறது. ட்யூப், கே.வி., கதிர் விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டமும் உண்மையில் விழும் கதிர்க் கட்டமும் பொருந்துகிறதா என்பதெல்லாம் பார்ப்பார்கள். புராசஸிங் பிரிசெட் (ஒவ்வொரு உறுப்புக்கும் முன்கூட்டியே வைக்கும் அமைப்பு, மெனு என்போம்) என்ன வைத்திருக்கிறாய் என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அதை நாமும் ரேடியாலஜிஸ்டும் சேர்ந்து உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். நெஞ்சு, முதுகுத் தண்டு, மணிக்கட்டு, உலோகம் பதித்த இடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மூலப் படத்தை நாலைந்து விதமாகப் புராசஸ் செய்து, எது வேண்டும் என்று அவரைத் தேர்வு செய்ய வைத்தேன். உலோகம் உள்ளவர்களுக்கென்று ஓரக் கூர்மை குறைந்த தனி மெனு அன்றுதான் பிறந்தது.

மெனு என்றதும் அந்தப் பையன் நினைவுக்கு வருகிறான். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது கையை ஊன்றி விழுந்தவன், பதினாலு வயது இருக்கும். மாலை நேரக் கூட்டம். எங்களில் ஒருவர் முந்தைய நோயாளியின் வயிற்று மெனுவை மாற்றாமலே அவன் மணிக்கட்டைப் படம் எடுத்துவிட்டார். வயிற்று மெனுவில் மணலைக் குறைக்க வழவழப்பாக்கும் வேலை அதிகம். மணிக்கட்டுக்கு நேர்மாறாக நுண்வரிகள் வேண்டும். படம் பார்க்க மோசமில்லை, எலும்புகள் மட்டும் மெழுகில் செய்ததுபோல் இருந்தன. நல்லவேளை, அனுப்பும் முன் ஓரத்தில் மெனு பெயரைப் பார்த்தேன். அதே மூலப் படத்தைச் சரியான மெனுவில் மறுபடி ஓடவிட்டதும் ஆரை எலும்பின் நுனியில் மயிரிழை விரிசல் தெரிந்தது. மறுபடி படம் எடுக்கவில்லை, பையனுக்குக் கூடுதல் கதிர்வீச்சும் இல்லை. ஆனால் மூலப் படம் கன்சோலில் சில நாள்தான் இருக்கும், இடம் நிறைந்தால் தானாக அழிந்துவிடும். சர்வருக்குப் போவது பெரும்பாலும் சமைத்து முடித்த படம். அதிலிருந்து பின்னோக்கிப் போக முடியாது. சந்தேகமுள்ள படத்தை அன்றே பார்த்துவிடுங்கள்.

கன்சோல் திரையை நம்பி "படம் நல்லா வந்திருக்கு" என்று சொல்லாதீர்கள். பெரிய டிடெக்டரில் எடுத்த நெஞ்சுப் படம் தோராயமாக 2500க்கு 3000 புள்ளி. கன்சோல் மானிட்டரின் உயரம் பல இடங்களில் ஆயிரம் புள்ளிதான். அதாவது ஏறக்குறைய ஒன்பது புள்ளிகள் சேர்ந்து ஒன்றாகத் தெரிகின்றன. மணலும் அசைவும் அதில் கரைந்துபோகும். மேலே உட்கார்ந்திருக்கும் ரேடியாலஜிஸ்ட் பெரிய திரையில் திறந்தால் எல்லாம் தெரியும். நான் ஒவ்வொரு நெஞ்சுப் படத்திலும் இரண்டு இடத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பேன்: இதயத்துக்குப் பின்னால், உதரவிதானத்துக்குக் கீழே. நுரையீரல் எப்போதும் நன்றாகத்தான் தெரியும், கதிர் குறைந்தது முதலில் காட்டிக்கொடுப்பது அடர்த்தியான இடத்தில்தான். விலா எலும்பின் ஓரம் இரட்டையாகத் தெரிந்தால் நோயாளி மூச்சு விட்டிருக்கிறார்.

மணல் இருந்தால் கூட்டித்தான் போட வேண்டும், அதில் தயங்க வேண்டாம். ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு கூட்டுங்கள். மணல் பாதியாகக் குறைய வேண்டுமென்றால் கதிர்வீச்சு நான்கு மடங்காக வேண்டும். சின்ன ஆதாயத்துக்குப் பெரிய விலை. வெளிச்சக் கட்டத்தைக் குறுக்கினாலே கதிர்ச் சிதறல் குறைந்து படம் தெளியும், அதற்கு விலையே கிடையாது.

இந்தக் கட்டம் குறுக்குவது பற்றி எனக்கு ஆதங்கம் உண்டு. முன்பு ஃபிலிமில் கட்டத்தை முழுதாகத் திறந்து வைத்தால் தேவையில்லாத பகுதியும் படத்தில் வந்து மானத்தை வாங்கும். இப்போது முழுதாகத் திறந்து எடுத்துவிட்டு, திரையில் வெட்டிக்கொள்கிறார்கள். பார்ப்பவருக்கு ஒழுங்காகக் கட்டம் வைத்து எடுத்ததுபோல் தெரியும். திரையில் வெட்டிய பகுதியின் கதிர்வீச்சு உடம்பிலிருந்து வெட்டுப்படாது. பச்சைக் குழந்தைக்கு நெஞ்சுப் படம் என்று சீட்டில் எழுதியிருக்க, கழுத்திலிருந்து தொடை வரை கதிர் விழுந்த படங்களை நான் பார்த்திருக்கிறேன். வெட்டாத மூலப் படம் கன்சோலில் இருந்ததால் தெரிந்தது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: குழந்தையை மேஜையில் கிடத்தியதும் கை தானாகக் கட்டத்தைக் குறுக்கும் காலிமேட்டர் திருகுக்குப் போகிறதா?

சாஃப்ட்வேர் எதையும் சரி செய்ய முடியாத இன்னொரு பக்கம், நோயாளி உடம்பில் இருப்பவை. நம் ஊரில் ஜடை பெரிய விஷயம். எண்ணெய் தேய்த்துக் குளித்து ஈரத்தோடு பின்னிய ஜடை தோள்மேல் விழுந்தால், நுரையீரல் உச்சியில் வரி வரியாக நிழல் விழும். காசநோய் முதலில் உட்காரும் இடமும் அதுதான். ஓரக் கூர்மை அந்தப் பின்னலை இன்னும் எடுப்பாகக் காட்டும். மல்லிகைப்பூ வைத்திருந்தால் நாரும் ஹேர்பின்னும் சேர்ந்துகொள்ளும். "அம்மா, ஜடையைத் தூக்கி மேல கொண்டை போட்டுக்கோங்க" என்று சொல்ல அரை நிமிடம். சொல்லாமல் விட்டால் சளிப் பரிசோதனை, மறுபடி படம், வீடு முழுக்கப் பயம்.

தாலியைக் கழற்றச் சொல்ல மாட்டேன். பலருக்கு அது முடியாது, கேட்டாலே முகம் மாறும். சரடை மேலே தூக்கிக் கழுத்தோடு வாயில் கவ்விக்கொள்ளச் சொன்னால் நெஞ்சுப் பகுதியிலிருந்து விலகிவிடும். அதில் மாட்டியிருக்கும் ஊக்குகளையும் மறக்காமல் கேளுங்கள். ஆண்களுக்கு அரைஞாண் கயிறு. சிறுநீரகக் கல் என்று வயிற்றுப் படம் எடுக்க வருவார்கள், கயிற்றில் கோத்த தாயத்து சரியாகச் சிறுநீர்க் குழாய் இறங்கும் வழியில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும்.

இன்னும் சி.ஆர். வைத்திருக்கும் சென்டர்களுக்குச் சில வார்த்தைகள். சென்னையில் அப்படி நிறைய இடங்கள் உண்டு, அதில் குறைவொன்றும் இல்லை. காலையில் வந்ததும் எல்லா பிளேட்டையும் ஒருமுறை அழித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஞாயிறு முழுக்கச் சும்மா கிடந்த பிளேட் இயற்கைக் கதிர்வீச்சைச் சேர்த்து வைத்திருக்கும், திங்கட்கிழமை முதல் படத்தில் மூட்டமாகத் தெரியும். எடுத்த பிளேட்டை அடுக்கி வைத்துச் சாயங்காலம் படிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். 8 மணி நேரத்தில் கால் பங்கு சிக்னல் வரை போய்விடும். படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஒரு வெள்ளைக் கோடு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வந்தால் அது பிளேட்டில் இல்லை, ரீடருக்குள் தூசி. கிரிட் (சிதறிய கதிரைத் தடுக்கும் ஈயப் பட்டைத் தட்டு) வைத்து எடுத்த படத்தில் அலை அலையாகக் கோடுகள் வந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிதாக்கியதும் அலை மாறினால் அது திரையின் வேலை. மாறாவிட்டால் கிரிட் கோடுகளும் லேசர் போகும் திசையும் இணையாகிவிட்டன, கேசட்டைத் திருப்பி வையுங்கள்.

வாட்ஸ்அப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. இரவு பதினோரு மணிக்கு டியூட்டி டாக்டர் திரையை ஃபோனில் படம் பிடித்துப் பெரிய டாக்டருக்கு அனுப்புவது தினசரி நடக்கிறது. அவசரத்தில் அது உயிரையும் காப்பாற்றுகிறது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 4096 சாம்பல் நிறங்கள் கொண்ட படத்தை ஃபோன் 256க்குள் அடக்குகிறது, டியூப்லைட்டின் பிரதிபலிப்பைச் சேர்க்கிறது, வாட்ஸ்அப் மேலும் சுருக்குகிறது. நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தால் உச்சியில் தலைமுடி போல் ஒரு கோடுதான் தெரியும். முதலில் காணாமல் போவது அந்தக் கோடு. கன்சோலிலிருந்தே படத்தை எடுத்து, பெயரை நீக்கி, டாக்குமென்ட்டாக அனுப்பினால் இவ்வளவு இழப்பு வராது. எங்கள் இரவு டியூட்டிக்காரர்கள் இப்போது அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

பிரிண்ட்டிலும் ஒன்று கவனிக்க வேண்டும். ஃபிலிம் செலவைக் குறைக்க இரண்டு மூன்று படங்களைச் சுருக்கி ஒரே ஷீட்டில் அடிக்கிறோம். மூட்டு மாற்றுக்கு முன் அளவு பார்க்கும் மருத்துவர் அந்தச் சுருங்கிய படத்தில் ஸ்கேல் வைத்தால் என்ன ஆகும்? சுருக்காவிட்டாலும் இடுப்பு எக்ஸ்ரேயில் எலும்பு ஆறில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகத்தான் விழும். எலும்பின் உயரத்திலேயே 25 மில்லிமீட்டர் உலோக உருண்டையைத் தொடைக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துவிட்டால் கணக்குச் சுத்தம்.

பாட்டிக்குப் பிறகு, உடம்பில் உலோகம் உள்ளவர்களின் எக்ஸ்ரே கவரில் மார்க்கர் பேனாவால் இரண்டு வரி எழுதுகிறேன்: எந்த மெனு, ஓரக் கூர்மை எவ்வளவு. அடுத்த வருடம் வேறு சென்டரில் எடுத்தாலும் ஒப்பிடுபவர் அதைப் பார்க்கட்டும் என்று. பலர் கவனிப்பதில்லை. போன மாதம் திருவள்ளூரிலிருந்து ஒரு தம்பி கவரில் இருந்த எங்கள் எண்ணுக்குப் போன் செய்தார். "அண்ணா, ஓரக் கூர்மைன்னு எழுதியிருக்கீங்களே, அது எங்க மெஷின்ல எங்க இருக்கு?" அவர் இயந்திரம் வேறு நிறுவனத்துடையது, எனக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு மெனுவாக அவர் படிக்க, நான் கேட்க, அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் சர்வீஸ் பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று தெரிந்தது. அடுத்த முறை இன்ஜினியர் வரும்போது திறக்கச் சொல்லி, முழங்கால் மாற்றிய ஒருவருடைய படத்தை இரண்டு விதமாகவும் புராசஸ் செய்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். பெயரை நீக்கி, டாக்குமென்ட்டாக.